சுருக்கமாகச் சொல்லுங்க மேடம்

பாலம் வெடித்துவிட்டது என்று எங்கள் சூப்பர்வைசர் ஒரு காலையில் அனுப்பிய குரல் செய்திதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் தர்மபுரிப் பக்கத்து மனிதர். அவர் பேச்சில் குதிகால் வெடிக்கும், சுவர் வெடிக்கும், மழை பொய்த்தால் ஏரி வெடிக்கும். "சார், ஸ்லாப்பு வெடிச்சிக்கிச்சி சார். குறுக்கால நெறைய எடத்துல வெடிச்சிருக்குது" என்று, டீ குடிக்கிற சத்தத்தோடு, நிதானமாகத்தான் சொல்லியிருந்தார்.

கேட்டவருக்குத்தான் அந்த நிதானம் இல்லை. எங்கள் மேனேஜர் பெங்களூருவிலிருந்து காரில் வந்து போகிறவர். கன்னடக்காரர், தமிழ் தேவைக்கு மட்டும். வெடி என்ற சொல் அவருக்குத் தெரியும், பாலத்துக்குப் பின்னால் இருந்த கல் குவாரி கற்றுக்கொடுத்திருந்தது. மதியத்தில் சங்கு ஊதும், "வெடி வெடி" என்று யாராவது கத்துவார்கள், தரை ஒருமுறை அதிரும், எங்கள் தகர ஆபீஸில் மின்விசிறி ஆடும். ஆகவே ஸ்லாப் வெடித்தது என்று கேட்டதும் அவர் புகையையும் ஆம்புலன்ஸையும் கண்டுவிட்டார்.

"ஏனாய்த்து மேடம்? பிரிட்ஜ் பிளாஸ்ட் ஆய்த்தா? ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகல்லா தானே?" என்று என்னிடம் போனில் கத்தினார்.

நான் அந்தப் பாலத்தின் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவள். கான்கிரீட் கட்டிகளை மெஷினில் வைத்து உடைத்துப் பார்ப்பதும், சிலவற்றை வேண்டாம் என்று சொல்வதும், வேண்டாம் என்று நான் சொன்னதெல்லாம் நடப்பதை நின்று பார்ப்பதும் என் உத்தியோகம். "யாரும் சாகல சார். விரிசல் விட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். ஆட்களின் உயிர் தப்பியதற்கான பெருமூச்சு அது என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

"கிராக்கா? அப்படின்னா குவாரிதான் காரணம்" என்றார் சந்தோஷமாக. "வெடி வெச்சா வெடிப்பு வரும்தானே மேடம்? உங்க தமிழ்லயே இருக்கே."

என் தமிழில் இருப்பதை அவர் இவ்வளவு அழகாகப் பயன்படுத்தியது அது ஒரு தடவைதான்.

பாலம் எது என்று சொல்ல மாட்டேன். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் கூட்டுரோடுகளுக்குப் பஞ்சமில்லை, அதில் ஒன்று. கம்பெனி பஸ்களும், பெங்களூருக்குப் பறக்கிற பைக்குகளும், தக்காளி ஏற்றிய டெம்போக்களும் ஒரே நேரத்தில் தமக்குத்தான் வழி என்று நம்பும் இடம். அங்கே மேலே ஒரு பாலம் வேண்டும் என்று ஊரே கேட்டது, கிடைத்தது. கிடைத்த பாலத்தின் தளத்தில்தான் இந்தக் கோடுகள்.

ஏன் வந்தன என்று எனக்குத் தெரியும். கான்கிரீட் காயக் காயச் சுருங்கும். புதுப் பருத்திப் பாவாடை முதல் சலவையில் சுருங்குவதுபோல அதுவும் ஒரு பிறவிக் குணம். பாவாடை கொடியில் சும்மா தொங்கும், சுருங்கிவிட்டுப் போகும். பாலத்தின் தளமோ கீழே தாங்குகிற கர்டர் உத்திரங்களோடு கம்பியால் கட்டுண்டு கிடக்கிறது. சுருங்கவும் வேண்டும், நகரவும் முடியாது என்றால் அது என்ன செய்யும்? பிளந்துகொள்ளும். அதற்காகத்தான் தளம் போட்டபின் வாரக்கணக்கில் ஈரம் காய விடாமல் வைப்பது. அதற்குள் கான்கிரீட் வலுவேறிவிடும், பிறகு மெல்லக் காய்ந்தாலும் தாங்கிக்கொள்ளும். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சாக்கைப் பரப்ப வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், மறுபடியும் ஊற்ற வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். கான்கிரீட் லாரி வந்து நின்றதும், குழாயில் சுலபமாக ஓடட்டும் என்று அதற்குள்ளே ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றுவார்கள். கூடுதல் தண்ணீர் போனால் கூடுதலாகச் சுருங்கும் என்று தொண்டை வறளக் கத்துவேன். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் இன்னொரு பக்கெட். போட்டு முடித்தபின் மேலே ஊற்றச் சொன்னால் மட்டும் தண்ணீர் தங்கமாகிவிடும். உள்ளே கேட்காத தண்ணீரை ஊற்றுவார்கள், வெளியே கேட்கிற தண்ணீரை ஊற்ற மாட்டார்கள். இதற்குப் பெயர் அனுபவம் என்பார் சூப்பர்வைசர்.

தண்ணீர் ஊற்றுவதற்கென்று ஒரு அக்கா இருந்தார். சாமல்பட்டிப் பக்கத்துக்காரர். வீட்டுக்காரர் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வாட்ச்மேன். அக்காவும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, வயசாகிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் பாலத்துக்கு வந்தவர். ஹோஸை மாலை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு தளம் முழுக்க நடப்பார். சாக்கு ஒதுங்கியிருந்தால் திட்டுவார். சாக்கைத்தான். "ஒன்ன இங்கதான போட்டேன், அங்க என்னா பண்ற?" மேனேஜரைவிடச் சாக்குகள் அவருக்கு அதிகம் பயந்தன என்று எனக்கொரு எண்ணம் உண்டு.

தளம் போட்டு சில நாள்தான் ஆகியிருந்தது. அப்போது பக்கத்தில் ஒரு புதுத் தொழிற்சாலையைத் திறந்துவைக்க ஒரு பெரிய மனிதர் வருவதாகச் செய்தி வந்தது. வருகிற வழியில் அவர் கண்ணில் புழுதி படக்கூடாது. அதோடு, சாலை நடுவில் நட்டிருந்த காகிதப்பூச் செடிகள் பாதி செத்திருந்தன, அவை உயிரோடு இருப்பதாக அவருக்குத் தெரிய வேண்டும். உடனே எங்கள் தண்ணீர் டேங்கர் பாலத்தை விட்டு இறங்கிச் செடிகளுக்குப் போனது. காலையில் செடி, மதியம் புழுதி, சாயங்காலம் மறுபடியும் செடி. அக்கா காய்ந்த ஹோஸோடு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, சாக்கெல்லாம் காஞ்சி போச்சி. வண்டி எப்ப வரும்?" என்று அவர் சூப்பர்வைசரிடம் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"எதுக்கும்மா தண்ணி? இது பெங்களூரு கிளைமேட்டு. வெயிலே இல்ல, ஸ்வெட்டரு போட்டுகினு சுத்தறானுங்க. எங்க காயப்போவுது?"

இது ஓசூரில் மட்டுமே செய்யக்கூடிய தவறு. எங்கள் ஊரில் வெயில் அடிக்கிற அடியில் எந்த மடையனும் தண்ணீரை மறக்க மாட்டான். இங்கே குளிர்ச்சி ஒரு குடும்பக் கௌரவம். பெங்களூரு அளவுக்கு வாடகை இல்லை, பெங்களூரு அளவுக்குச் சம்பளமும் இல்லை, குளிர் மட்டும் பெங்களூரு அளவுக்கு உண்டு என்று எல்லோரும் நெஞ்சை நிமிர்த்துவார்கள். அந்தக் குளிரில் வருகிற காற்று வறண்ட காற்று என்பதை யாரும் பெருமையில் சேர்ப்பதில்லை. உதடு வெடித்தால் வாஸ்லின் தடவிக்கொள்வார்கள். கான்கிரீட்டுக்கு உதடு இல்லை என்பது அவர்கள் எண்ணம்.

நான் மேனேஜருக்குப் போன் போட்டேன். தளம் காய்கிறது, டேங்கரைத் திருப்பி அனுப்புங்கள் என்றேன். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம். விசிட் முடியட்டும்" என்றார். நான் அட்ஜஸ்ட் செய்யலாம். கான்கிரீட்டுக்குக் கன்னடமும் தெரியாது. மறுநாள் சாக்குகள் நன்றாகக் காய்ந்து, காற்றில் எழுந்து, பக்கத்து ரோஜாத் தோட்டத்து வேலியில் போய்த் தொங்கின. அக்கா ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து விரித்து, மேலே கல் வைத்தார். தண்ணீர் இல்லாத சாக்குக்குக் கல் எதற்கு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பெரிய மனிதர் வந்தார். கார்க் கண்ணாடி கறுப்பு. அவர் செடிகளைப் பார்த்தாரா, தூங்கினாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவர் போய்ச் சில வாரம் கழித்துத்தான் அந்தக் குரல் செய்தி. அது மேனேஜரோடு நிற்கவில்லை, சுற்றுவட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் பாய்ந்தது. பாலம் வெடித்துவிட்டது என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள், முழுசாக நிற்கிற பாலத்தைப் பார்த்து ஏமாந்துபோனார்கள். ஆனால் வெடி என்ற சொல் காதில் விழுந்ததும் குவாரிக்குக் கீழே இருந்த கிராமத்துக்காரர்களுக்கு ரோஷம் வந்தது. அவர்கள் வீட்டுச் சுவர்கள் குவாரி வெடியால் பிளந்தது உண்மை. ரொம்ப நாளாக மனுக் கொடுத்து ஓய்ந்தவர்கள். "எங்க வூடுங்க வெடிச்சப்ப ஒருத்தனும் வரல. இப்ப கவர்மெண்டு பாலமே வெடிச்சிருச்சி, இப்ப வருவீங்கல்ல?" என்று திரண்டு வந்து எங்கள் ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தார்கள்.

மேனேஜருக்கு இது கரும்பு தின்னக் கூலி. அரை நாள் அவர் குவாரியை வாயாரத் திட்டினார். பிறகு குவாரி முதலாளியிடமிருந்து ஒரு போன் வந்தது. எங்கள் பாலத்துக்கு ஜல்லி கொடுப்பதே அவர்தான் என்பது மேனேஜருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். போனை வைத்தபோது அவர் முகம் சாந்தமாக இருந்தது. குவாரியின் வெடிக்கும் பாலத்தின் விரிசலுக்கும் சம்பந்தமே இல்லை என்று அறிவியல் பேச ஆரம்பித்தார். அதிசயம், இந்த முறை அவர் சொன்னது சரி.

ஆனால் பழி என்று ஒன்று கிளம்பிவிட்டால் எங்காவது உட்கார வேண்டுமே. குவாரியில் இடம் கிடைக்கவில்லை. சிமெண்ட் கம்பெனிக்கு வக்கீல்கள் உண்டு. பழி மதியச் சாப்பாட்டுக்குள் நேராக வந்து, ஹோஸ் பிடிக்கிற அக்காவின் தலையில் உட்கார்ந்தது.

"தண்ணி ஊத்துற பொம்பள சரியா ஊத்தல சார்" என்றார் சூப்பர்வைசர். அவ்வளவுதான். சாயங்காலம் டீக்கடையில் அக்காவுக்கு ஒரு பெயர் தயாராகியிருந்தது. பாலத்த வெடிக்க உட்டவ.

அக்கா என்னைத் தேடி லேபுக்கு வந்தார். அழவில்லை, கோபமாக இருந்தார். "மேடம், நாளைக்குப் பெரிய ஆபீசரு வராராம். எம்பேரச் சொல்லி எழுதிட்டுப் போயிடுவாங்களாம். வேல போனா போவுது மேடம், வேற சைட்டு பாத்துக்குவேன். இந்தப் பேரு வந்துட்டா இங்கேருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் எவன் என்னைய சேத்துக்குவான்? பாலத்த வெடிக்க உட்டவன்னுதான சொல்லுவான்?"

"நான் பேசுறேன் அக்கா" என்றேன்.

"நல்லா வெவரமா பேசுங்க" என்றார். "வண்டி செடிக்குப் போனத சொல்லுங்க."

மறுநாள் தகர ஆபீஸில் கூட்டம். நடுவில் பெரிய அதிகாரி. ஒருபக்கம் மேனேஜரும் சூப்பர்வைசரும், மறுபக்கம் கிராமத்துக்காரர்கள். குவாரி முதலாளி தனியாக ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்திருந்தார். வாசலில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், அக்கா நின்றார். ஊர்க்காரர்கள் இருந்ததால் எல்லாவற்றையும் தமிழிலேயே பேசும்படி அதிகாரி உத்தரவிட்டார். அவருக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கையைத் திருப்பித் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"குவாலிட்டி இன்ஜினியர் யாரு? நீங்களாம்மா? என்ன காரணம்? சுருக்கமா சொல்லுங்க."

"சுருக்கம்தான் சார்" என்றேன்.

"அதான், சுருக்கமாவே சொல்லுங்க."

"இல்ல சார், காரணமே சுருக்கம்தான்."

"காரணம் சுருக்கமா இருக்கட்டும்மா, அது என்னன்னு சொல்லுங்க."

கிராமத்துக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். கான்கிரீட் காய்ந்தால் சுருங்கும், அந்தச் சுருக்கம், என்று விளக்கினேன். பிறகு ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதிகாரியைவிட அவர்கள் முகத்தில் கேட்கிற களை இருந்தது.

"ராத்திரி மிஞ்சின களிய என்ன பண்ணுவீங்க?"

"தண்ணி ஊத்தி வெப்போம்" என்றார் ஒரு அம்மா.

"ஊத்தாம தட்டுலயே விட்டா?"

"காஞ்சி வெடிச்சிரும். பாளம் பாளமா."

"அதேதான். இதுக்கும் தண்ணி ஊத்தி வெச்சிருக்கணும். ஊத்த ஆள் இருந்துச்சு, ஹோஸ் இருந்துச்சு, தண்ணிதான் இல்ல. டேங்கர் ரோட்டுச் செடிக்குப் போயிருச்சு. அந்த அக்கா கேட்டாங்க, நானும் கேட்டேன். வண்டிய அனுப்பல. காங்கிரீட் லாரியிலயும் வேண்டாத தண்ணிய ஊத்தினாங்க. அதனாலதான் இவ்வளவு சுருங்கி, இவ்வளவு வெடிச்சிருக்கு. அந்த அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

சொல்லிவிட்டேன். ஒரு கண்ணியும் விடாமல், வரிசையாக, களி முதல் காகிதப்பூ வரைக்கும் சொன்னேன். கிராமத்து அம்மா தலையை ஆட்டினார். மேனேஜர் கூரையைப் பார்த்தார். சூப்பர்வைசர் தன் செருப்பைப் பார்த்தார். அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்ன உத்தரவு எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"ஆக, காங்கிரீட்டு காஞ்சா சுருங்கும். அது அதோட குணம். அப்படித்தானம்மா?" என்றார்.

"ஆமா சார், ஆனா..."

"ஆமாதானே?"

"ஆமா, ஆனா தண்ணி..."

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, எழுதிக்கொள்ளச் சொன்னார். "விரிசல் உலர் சுருக்கத்தால் ஏற்பட்டது. இது கான்கிரீட்டின் இயல்பு. யார் மீதும் தவறு இல்லை." என் பேச்சை அவர் காய வைத்து எடுத்த அளவு அது. தண்ணீர் எல்லாம் போய்விட்டது. விரிசலுக்குள் ரசாயனப் பசையை ஏற்றி அடைப்பது, மேலே தார் போடுவது என்று முடிவாயிற்று. கிராமத்துக்காரர்களின் சுவர்களைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். குவாரி முதலாளி தன் நாற்காலியை விட்டு எழுந்தார், கூட்டம் முடிந்தது.

ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யார் மீதும் தவறு இல்லை என்றால் அக்கா மீதும் இல்லை. டீக்கடையில் அந்தப் பெயர் அன்றைக்கே செத்தது. அதற்குப் பதிலாக எனக்கு ஒன்று வைத்தார்கள், சுருக்கம் மேடம். நான் கொஞ்சம் பேச்சை நீட்டினால் போதும், பின்னாலிருந்து யாராவது "சுருக்கம், சுருக்கம்" என்பார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாலத்தின் அடுத்த பகுதிக்குத் தளம் போட்டார்கள். மறுநாள் காலை ஏறிப் பார்த்தால் சாக்கும் இல்லை, ஹோஸும் இல்லை. மொட்டையாகக் கிடந்தது, மேலே காற்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. சூப்பர்வைசரைப் பிடித்துக் கேட்டேன்.

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "என்னா மேடம், நீங்கதான சொன்னீங்க? காங்கிரீட்டு தானாவே சுருங்குதாம், அதோட கொணமாம், ஆபீசரே எழுதிட்டாரு. தண்ணி ஊத்துனாலும் சுருங்கப்போவுது, ஊத்தாட்டியும் சுருங்கப்போவுது. அப்பறம் அதுக்குன்னு ஒரு ஆளு எதுக்கு? அந்தக்காவ நேத்தே நிறுத்திட்டோம்."

மேனேஜருக்குப் போன் செய்தேன். இனிமேல் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கிற ஒரு மருந்தை மேலே அடித்துவிடலாம், சாக்கு வேலையே வேண்டாம் என்றார். மருந்து எப்போது வரும் என்று கேட்டேன். "ஆர்டர் மாடித்தீனி" என்றார், போட்டாயிற்றாம். எனக்குத் தெரிந்து அந்த ஆர்டர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் இல்லாமல் அடுத்த தளத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். போட வேறொருவரைக் கொண்டுவந்தார்கள். என்னைக் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மதகு வேலைக்கு மாற்றினார்கள்.

போகிற அன்று அக்கா கேட்டில் நின்றிருந்தார். கடைசி வாரத்துக் கணக்கை முடித்துக்கொள்ள வந்தவர். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கறன். நான் தண்ணி ஊத்துனதும் ஊத்தாததும் ஒண்ணுதானா?"

"இல்லக்கா. ஒண்ணு இல்லவே இல்ல."

"அப்ப அத அங்க சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன் அக்கா. நீங்க வாசல்ல நின்னு கேட்டீங்கல்ல. அவங்க சுருக்கிட்டாங்க."

"எம்பேரு நல்லா இருக்குது மேடம். கையிதான் வேணாமுன்னுட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு ஊருக்குப் போக ஊத்தங்கரை பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போதும் ஓசூரிலிருந்து மதகு வேலைக்கு அந்தப் பாலத்தின் மேலேதான் போகிறேன். தார் போட்டிருக்கிறார்கள், விரிசல் தெரியாது. என் ஸ்கூட்டருக்குத் தெரிகிறது, சில இடங்களில் தார் மேலேயும் கோடு ஏறத் தொடங்கியிருக்கிறது. பாலம் இறங்கியதும் நடுவில் காகிதப்பூ, ஆளுயரத்துக்கு, கண்ணைப் பறிக்கிற ரோஸ் நிறத்தில். பெரிய மனிதர் மறுபடியும் வரவில்லை, வருவதாகவும் தகவல் இல்லை. அந்தச் செடிகளுக்கு மட்டும் தினமும் காலையில் டேங்கர் வந்துவிடுகிறது.